கண்டிப் படமும் ஆறு எண்களும்

மலையே மதிலாகவும் காடே காவலாகவும் நின்றது கண்டி இராச்சியம். தலைநகருக்குச் செல்லும் பாதைகளை அகலமாக்க மன்னர்கள் விரும்பினாரல்லர். வழிகளில் முட்படலைகள் அமைத்துக் காவலரையும் நிறுத்தினர். பகைவனுக்கு வழி தெரியாமையே நாட்டுக்கு அரண் என்பது அக்கால அரசியல். 1660ஆம் ஆண்டு அங்கே சிறைப்பட்டு, 1679ஆம் ஆண்டு தப்பியோடிய ஆங்கிலேயரான இராபர்ட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூலில் அந்நாட்டின் படமொன்றைச் சேர்த்தார். கருவி கொண்டு அளந்த படமன்று அது. ஆயினும், மறைந்திருந்த நாடு தாளில் ஏறிவிட்டது.

1800ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1815ஆம் ஆண்டில் கண்டி அவர்கள் வசமாயிற்று. பின்னர் மலைமுகடுகளை முக்கோணங்களால் இணைத்து நாடு முழுவதும் அளக்கப்பட்டது. பீதுருதாலகால மலையுச்சியே இலங்கைப் படங்களின் கட்டங்களுக்கு மூலமாயிற்று. குறை எண் வாராதிருத்தற்பொருட்டு, மெற்றிக் அளவில் அவ்வுச்சிக்குக் கிழக்கெண் 200,000 எனவும் வடக்கெண் 200,000 எனவும் வைத்தனர். கண்டி நகரம் அதற்கு ஏறக்குறைய 16 கிலோமீற்றர் மேற்கிலும் 32 கிலோமீற்றர் வடக்கிலும் உள்ளது. ஆகவே அதன் எண்கள் 184,000, 232,000 என்பவற்றை ஒட்டி அமையும்.

இனி, பழைய படத்தாளொன்றைக் கணினியில் பதிவு செய்வோமாயின் நேர்வது யாது? கணினிக்கு அது வெறும் புள்ளிகளின் கூட்டமே. தலதா மாளிகை எது, மகாவலி எது என்பதை அஃது அறியாது. அதனை அறிவிப்பதற்கே ‘உலகக் கோப்பு’ என்னும் சிறு கோப்பு எழுந்தது. அதில் உள்ளவை ஆறு வரிகள். வரிக்கு ஓர் எண்.

முதல் எண், ஒரு புள்ளி நிலத்தில் எத்தனை மீற்றர் அகலம் என்பதைச் சொல்லும். மைலுக்கு ஓரங்குலம் என வரைந்த தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகளாகப் பதிவு செய்தால், ஒரு புள்ளி 5.36 மீற்றர் ஆகும். இரண்டாம், மூன்றாம் எண்கள் தாளின் சாய்வைக் குறிப்பன. சாய்வில்லையேல் இரண்டும் பூச்சியம். நான்காவது, புள்ளியின் உயரம். படம் மேலிருந்து கீழாக எண்ணப்படுவது; நிலமோ தெற்கிலிருந்து வடக்காக எண்ணப்படுவது. ஆதலின் இவ்வெண் குறைக்குறி பெறும். இறுதி இரண்டும் இடது மேல் மூலைப் புள்ளியின் நடுவிடத்துக்குரிய கிழக்கெண்ணும் வடக்கெண்ணுமாம்.

இவ்வளவு சொல்லும் கோப்பு ஒன்றை மட்டும் சொல்லாது. எண்கள் எந்த அளவை முறைக்கு உரியவை என்பதே அது. 1999ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் புதிய முறையில், பீதுருதாலகாலவின் எண்கள் 500,000 ஆக உயர்த்தப்பட்டன. பழைய எண்களைப் புதியனவாகக் கொண்டால், கண்டி மாநகர் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் விலகி, இந்து மாகடலின் நடுவே போய் நிற்கும்! முறையின் பெயரைத் தனியே குறித்து வைத்தல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

இத்துணை நுட்பம் எதற்கெனின், கண்டிக்குக் கிழக்கே தெல்தெனியாவை நோக்குக. மகாவலியின் குறுக்கே எழுந்த விக்டோரியா அணைக்கட்டு 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் வந்தது, பழைய தெல்தெனியா நகரம் நீரில் மூழ்கியது. மக்கள் வேறிடங்களிற் குடியேறினர். கடும் வறட்சியில் நீர் வற்றும்போது மட்டும் பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டும்.

அணைக்கு முற்பட்ட படத்தாளுக்கு அந்த ஆறு எண்களையும் பிழையின்றி அளித்து, இன்றைய செய்மதிப் படத்தின்மேல் வைத்தால், நீலநீர்ப் பரப்பின் நடுவே தெருக்கள் தத்தம் இடத்திலேயே தோன்றும். பாட்டனார் நடந்த பாதை இது என்று பேரன் விரல் வைத்துக் காட்டலாம். எண் பிழைத்தால் அந்தத் தெரு வேறொரு மலைச்சரிவில் ஏறிவிடும். ஊரை இரண்டாம் முறையும் இழந்தவராவோம். வழியை மறைத்து நாட்டைக் காத்தனர் அக்கால மன்னர். மறைந்துபோன ஊரைக் காப்பதற்கோ, அதன் இடத்தைச் சரியாகக் குறித்து வைப்பதே வழி.