சட்ட மாணவர்களின் பகுதிநேரப் பணி: விதிகள், வாய்ப்புகள், எச்சரிக்கைகள்

1917இல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு இந்தியா திரும்பியதற்குக் காரணம், பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்துபோனதுதான். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு, கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜின் உதவியையும் நண்பரிடம் பெற்ற கடனையும் சேர்த்துக்கொண்டு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். பொருளியலையும் சட்டத்தையும் முடித்துத் திரும்பினார். வழக்கறிஞராகப் பதிவு செய்த பிறகும் தொழில் உடனே கைகொடுக்கவில்லை. 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பிக்கும் பகுதிநேர விரிவுரையாளராகவும் பணியாற்றினார்.

பரம்பரைச் சொத்தில்லாதவர்கள் சட்டத் தொழிலுக்குள் நுழைந்த வழி பெரும்பாலும் இதுதான். இன்றும் முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வரும் தலித் மாணவருக்குப் பகுதிநேரப் பணி படிப்பைத் தொடர்வதற்கான நிபந்தனையாகவே இருக்கிறது. அதற்கான விதிகள், வாய்ப்புகள், ஆபத்துகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

இது ஏன் சமூகநீதிச் சிக்கல்?

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் உள்ளகப் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப், முடித்திருக்க வேண்டும். பயிற்சி கட்டாயம், பயிற்சிக்கு ஊதியம் கட்டாயமில்லை. சென்னையிலோ தில்லியிலோ நான்கு வாரம் ஊதியமின்றிப் பணிபுரிய வேண்டுமானால், தங்குமிடம், உணவு, பயணம் ஆகியவற்றுக்கான செலவை யாரேனும் ஏற்க வேண்டும். மாமாவோ சித்தப்பாவோ வழக்கறிஞராக உள்ள மாணவருக்கு இது விடுமுறைக்கால அனுபவம். விவசாயக் கூலியின் மகளுக்கு இது ஒரு மாத வருமான இழப்போடு ஒரு மாதக் கூடுதல் செலவு.

இடமும் ஒரு தடை. சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி இயங்கிவந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டது. வகுப்பு முடிந்து சாலையைக் கடந்தால் வழக்கறிஞர் அலுவலகம் என்றிருந்த நிலை போய், மாலை நேரப் பணிக்கே நெடுந்தூரப் பேருந்துப் பயணம் தேவைப்பட்டது. இடமாற்றத்தை எதிர்த்து மாணவர்கள் போராடியதன் நியாயத்தை இக்கோணத்திலும் காண வேண்டும்.

இத்தகைய தடைகளின் விளைவு நீதித்துறையின் மேல்தட்டு வரை நீள்கிறது. 2018 முதல் நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் மட்டுமே என்பது நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே அளித்த தகவல்களிலிருந்து தெரியவருகிறது. நீதிபதிகள் வழக்கறிஞர்களிலிருந்து வருகிறார்கள். வழக்கறிஞர்கள், படிப்பை இடையில் கைவிடாத மாணவர்களிலிருந்து வருகிறார்கள்.

விதிகள் என்ன சொல்கின்றன?

முதலாவது, நேரம். சட்டப் படிப்பில் வாரத்துக்குக் குறைந்தது 30 மணிநேர வகுப்புகள் நடைபெற வேண்டும் என்று 2008 விதிகள் கூறுகின்றன. ஆகவே மாலைகளும் வார இறுதிகளும்தான் மிஞ்சுகின்றன. வாரத்துக்கு 12 முதல் 15 மணிநேரத்தைத் தாண்டும் பணி, தேர்வு நெருங்கும்போது படிப்பை விழுங்கிவிடும்.

இரண்டாவது, வருகைப்பதிவு. ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு தேவை. தக்க காரணம் இருந்து, அனைத்துப் பாடங்களிலும் சேர்த்து 70 விழுக்காடு இருந்தால், ஒரு பாடத்தில் 65 விழுக்காடு வரை கல்லூரித் தலைமை விலக்களிக்கலாம். 60 வகுப்புகள் நடக்கும் பாடத்தில் 42 வகுப்புகளுக்கு வந்திருக்க வேண்டும் என்ற எளிய கணக்கைப் பருவத்தின் தொடக்கத்திலேயே போட்டுவைத்துக்கொள்வது நல்லது. வருகைக் குறைவை மட்டும் காரணம் காட்டிச் சட்ட மாணவர்களைத் தேர்வெழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதிடுவதற்கு அது வலுவான ஆதாரம். எனினும், வகுப்பைத் தவிர்ப்பதற்கான அனுமதிச்சீட்டாக அதைக் கொள்ளக் கூடாது.

மூன்றாவது, அறிவிக்கும் கடமை. மாணவர்கள் வேறு வேலையில் இருக்கிறார்களா, ஒரே நேரத்தில் இரண்டு முழுநேரப் படிப்புகளில் சேர்ந்துள்ளார்களா என்பன குறித்து உறுதிமொழி பெறுமாறு இந்திய பார் கவுன்சில் 2024 செப்டம்பரில் சட்டக் கல்வி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. எனவே பணியை மறைப்பது ஆபத்து. பணியின் தன்மை, நேரம், அது வகுப்பு நேரத்தில் குறுக்கிடாது என்ற விவரம் ஆகியவற்றை எழுதிக் கல்லூரி முதல்வரிடம் தடையின்மைச் சான்று கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலில் பெறுகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, உதவித்தொகை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். முறையான சம்பளப் பணியில் சேருமுன், அந்த வருமானம் தகுதியைப் பாதிக்குமா என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றோர், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் தங்கள் பெயர் உள்ளதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். உரிய உதவியைப் பெறாமல் விட்டுவிட்டு அதே தொகைக்காக இரவில் உழைப்பது வீண்.

எங்கெங்கே வாய்ப்புகள்?

*மொழிபெயர்ப்பும் தட்டச்சும்.* தமிழ்நாட்டில் விசாரணை நீதிமன்ற ஆவணங்கள் பெரும்பாலும் தமிழில் உள்ளன. உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மேல்முறையீட்டுக்குச் செல்லும் வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை, சாட்சியங்கள், பத்திரங்கள் ஆகியவற்றை ஆங்கிலமாக்கித் தட்டச்சுத் தொகுப்பாக அளிக்க வேண்டியிருக்கிறது. பக்கக் கணக்கில் கூலி கிடைக்கும் பணி இது. தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எண்ணக் கற்பிக்கப்பட்ட மாணவர்களுக்கு, அந்தத் தமிழே இங்கு முதலீடாகிறது. அரசு தொழில்நுட்பத் தேர்வில் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுச் சான்று பெற்றிருந்தால் மேலும் வசதி. நாள்தோறும் வாக்குமூலங்களைப் படித்து மொழிபெயர்ப்பவர், சாட்சியச் சட்டத்தைப் பாடநூலுக்கு வெளியேயும் கற்றுக்கொள்கிறார்.

*வழக்கறிஞர் அலுவலகப் பணி.* வழக்குக் கட்டுகளை ஒழுங்குபடுத்துதல், வாய்தா நாட்களைக் குறித்தல், சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்தல், இணையவழித் தாக்கலுக்கு ஆவணங்களை ஆயத்தப்படுத்துதல், தீர்ப்புகளைத் தேடித் தொகுத்தல் ஆகியவை இதில் அடங்கும். மூத்த வழக்கறிஞரிடம் சேரும் முன்பே ஊதியம், நேரம், தேர்வு விடுப்பு ஆகிய மூன்றையும் பேசி முடிவுசெய்யுங்கள். விடுமுறையில் செய்யும் பணியை உள்ளகப் பயிற்சியாகக் கணக்கிட்டுச் சான்றளிக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் பயிற்சி கூடாது என்பதையும், விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வழக்கறிஞர்களிடம் ஒருமுறையேனும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

*சட்டப்பணிகள் ஆணைக்குழு.* தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் திட்டப்படி, வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை சட்ட மாணவர்கள் சட்டத் தன்னார்வலர்களாகத் தேர்ந்தெடுக்கப்படலாம். பணியமர்த்தப்படும் நாட்களுக்கு மட்டும் மதிப்பூதியம் கிடைக்கும். இதை நிலையான வருமானமாகக் கொள்ள முடியாது. ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்குகிறது. அந்த உரிமையைச் சேரிக்குக் கொண்டு சேர்ப்பவராக அதே சேரியிலிருந்து வந்த மாணவர் இருப்பதன் மதிப்பு பெரிது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் அறிவிப்புகளை விசாரிக்கலாம்.

*களப்பணியும் ஆய்வும்.* வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15அ பிரிவு, தன்னார்வ அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டோருக்கு அளிக்கிறது. வழக்குகளைப் பின்தொடரும் அமைப்புகளுக்கு ஆவணங்களைத் தொகுக்கவும், இழப்பீட்டு நிலையைக் கண்காணிக்கவும் ஆட்கள் தேவை. குறைந்தபட்சம் பயணச் செலவும் உணவுச் செலவும் கேட்பதில் தயக்கம் வேண்டாம். இயக்கப் பணி என்பதற்காக ஏழை மாணவரின் உழைப்பு இலவசமாகிவிடக் கூடாது. நம் அமைப்புகளும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

*கற்பித்தலும் வளாகப் பணியும்.* பள்ளி மாணவர்களுக்கான டியூஷன், சட்ட நுழைவுத் தேர்வுப் பயிற்சி, இதழ்களுக்கான மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் ஆகியன நேரத்தை நாமே வகுத்துக்கொள்ளக்கூடிய பணிகள். வளாகத்துக்குள்ளேயே நூலகத்திலும் அலுவலகத்திலும் ஊதியத்துடன் பணிபுரியும் ‘உழைத்துக்கொண்டே படிக்கும்’ திட்டத்துக்கு மகாராட்டிரத்தில் நீண்ட மரபு உண்டு. 1919இல் ரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கி, எல்லாச் சாதி மாணவர்களையும் ஒரே விடுதியில் தங்கவைத்த கர்மவீர் பாவுராவ் பாட்டீல் வகுத்த வழி அது. புனே பல்கலைக்கழகம் அவர் பெயரிலேயே இத்திட்டத்தை நடத்துகிறது. தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் இதைக் கோரிப் பெற வேண்டும்.

எல்லை மீறக் கூடாத இடங்கள்

வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவர் சட்டத் தொழில் செய்வது, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமன்றி, ஆலோசனை கூறுவதும் ஆவணம் வரைவதும்கூடச் சட்டத் தொழிலில் அடங்கும் என்று 2018ஆம் ஆண்டு ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே, தெரிந்தவர்களுக்கு நேரடியாகக் கட்டணம் பெற்று மனு எழுதித் தரும் பழக்கம் வேண்டாம். வழக்கறிஞர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டும் வரைவு எழுதுங்கள்.

விபத்து வழக்குகளுக்காக அரசு மருத்துவமனை வாசலில் ஆள்பிடித்துக் கமிஷன் பெறும் வேலைக்கு மாணவர்கள் இழுக்கப்படுகிறார்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இத்தகைய தரகர்களின் பட்டியலை வெளியிட நீதிமன்றங்களுக்கு அதிகாரமளிக்கிறது. அப்பட்டியலில் ஒருமுறை பெயர் ஏறினால், தொழிலில் நுழையும் முன்பே நற்பெயர் போய்விடும்.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களையும் பாதுகாக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் வழக்கறிஞர் அலுவலகம் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். சாதியைக் குறித்து இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு பொருந்தும். ஆனால் இழிவுபடுத்தல் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்ததா என்ற கேள்வி எழும் என்பதால், உடனிருந்தோர், நாள், நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும்.

பட்டம் பெற்ற பிறகு

பதிவுக் கட்டணமாகப் பல மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வாங்கிவந்தன. சட்டம் அனுமதித்த தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். கூடுதல் தொகை கேட்கப்பட்டால் ரசீது கேளுங்கள், எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

பதிவு செய்த பின் முழுநேரச் சம்பளப் பணியில் தொடர இயலாது என்கிறது பார் கவுன்சிலின் 49ஆவது விதி. எனினும் 51ஆவது விதி சட்டத் தேர்வுக்குப் பயிற்றுவித்தல், சட்ட நூல்களைத் தொகுத்தல், இதழியல், விரிவுரை போன்றவற்றை அனுமதிக்கிறது. பிற பகுதிநேரப் பணிகளுக்கு மாநில பார் கவுன்சிலின் ஒப்புதல் பெறலாம். மாணவப் பருவத்திலேயே இப்பணிகளில் பழகியவர், தொழிலின் தொடக்க ஆண்டுகளைத் தாங்கி நிற்பார்.

இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கச் சுற்றறிக்கை வெளியிடுமாறு 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, ஊரகத்துக்கு 15,000 ரூபாய் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால், கேட்டுப் பெறும் வலிமை இல்லாதவருக்கு அது எட்டாமலே போகக்கூடும்.

மாணவர் அமைப்புகள் முன்வைக்க வேண்டியவை

தனி மாணவரின் சாமர்த்தியத்தால் மட்டும் இது தீராது. கட்டாய உள்ளகப் பயிற்சிக்கு அரசு உதவித்தொகை, பருவம் தொடங்கும்போதே அறிவிக்கப்பட்டு மாற்றப்படாத கால அட்டவணை, சட்ட உதவி மையப் பணிக்குப் பயணச் செலவும் வருகைச் சலுகையும், நூலகத்திலும் அலுவலகத்திலும் ஊதியத்துடன் கூடிய மாணவர் பணியிடங்கள், வேலை குறித்த உறுதிமொழியைத் தண்டனைக் கருவியாகப் பயன்படுத்தாமை, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே உதவித்தொகை ஆகியவை உடனடிக் கோரிக்கைகள். இவற்றை மனுவாக எழுதி முதல்வருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் அனுப்பலாம். நடவடிக்கை விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். மனு வரைவதும் பின்தொடர்வதும் சட்ட மாணவருக்குப் பயிற்சிதான். இம்முறை கட்சிக்காரர் அவரே.