நொய்யலில் அளக்காமல் விட்டவை: ஹார்மோனைப் போல நடிக்கும் வேதிப்பொருள்களும் கொங்கு நாடும்

நொய்யல் ஆற்றின் சீரழிவைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் உப்பையும் சாயத்தையுமே பேசுகின்றன. சென்னிமலைக்கு அருகே 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. பாசனத்துக்குத் தண்ணீர் கேட்க வேண்டிய விவசாயிகள், திறந்துவிடாதீர்கள் என்று நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இவ்வளவு நீண்ட போராட்டத்தில் அளக்கப்பட்டவை கரைந்த உப்பு, நிறம், பி.ஓ.டி., சி.ஓ.டி. போன்றவை. நிறமும் உவர்ப்பும் இல்லாத, உடலில் ஹார்மோனைப் போல நடிக்கும் ஒரு வகைப் பொருள்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவை எப்படி விடுபட்டன என்பதே இக்கட்டுரையின் ஆய்வு.

பெண்ணின் ரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரடியால் என்ற ஹார்மோனின் அளவு மிகச் சொற்பம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் சில பத்துப் பங்கு முதல் சில நூறு பங்கு வரைதான் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கும். செல்லில் அதற்கென்றே உள்ள ஏற்பியில் போய் ஒட்டி அது வேலை செய்கிறது. உருவத்தில் ஓரளவு ஒத்த வேறு பொருள் அதே ஏற்பியில் ஒட்டினால், செல் அதையும் ஹார்மோனாகவே எடுத்துக்கொள்ளும். சில பொருள்கள் ஏற்பியில் ஒட்டியும் வேலையைத் தூண்டுவதில்லை. உண்மையான ஹார்மோனுக்கு இடம் விடாமல் மறிக்கும். பெரியவர்களின் உடலில் வந்துபோகும் குழப்பம், கருவில் உறுப்பு உருவாகும் வாரங்களில் நேர்ந்தால் ஆயுளுக்கும் நிலைத்துவிடக்கூடும். 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் கருச்சிதைவைத் தடுக்குமென்று கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்டது. அவர்களுடைய மகள்களில் சிலருக்கு இளம் வயதிலேயே அரிய வகை யோனிப் புற்றுநோய் வந்ததை 1971-ல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். விளைவு வெளியே தெரிய ஒரு தலைமுறை ஆயிற்று.

கொங்கு மண்ணுக்கு இத்தகைய பொருள்கள் பருத்திக் காட்டு வழியாகவும் மலேரியா மருந்தடிப்பு வழியாகவும் வந்தன. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து கொடுக்கப்பட்ட சேவல் குஞ்சுகளின் விந்தகம் வளராமல் போனதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1950-லேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் இந்தியாவில் விவசாயத்துக்கு அது தடை செய்யப்பட்டது 1989-ல்தான். டி.டி.டி. உடலில் சிதைந்து உருவாகும் டி.டி.இ. ஆண் ஹார்மோனை மறிக்கிறது என்பது 1995-ல் உறுதிப்பட்டது. அடுத்தது எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து. முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் அது தெளிக்கப்பட்ட காசர்கோடு மாவட்டத்துப் பத்ரே கிராமத்தில், பள்ளிச் சிறுவர்களை அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்தது. மருந்து படாத ஊர்ச் சிறுவர்களைவிட அவர்களுடைய பருவ வளர்ச்சி பின்தங்கியிருந்ததாக 2003-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது. பூச்சிமருந்து விஷயத்தில், தாமதமாகவேனும், பொருளுக்குப் பெயரும் வழக்கும் தீர்ப்பும் கிடைத்தன.

துணித் தொழிலில் அது நடக்கவில்லை. நிட்டிங் மெஷினிலிருந்து வந்த கோராத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பஞ்சின் மெழுகு இழுக்க விடாமல் மணிபோல மேலேயே நிற்கும். வெட்டிங் ஏஜென்ட்டும் சோப்பும் சேர்த்து வேகவைத்த பிறகு அதே சொட்டு விழுந்த மாத்திரத்தில் மறைந்துவிடும். அப்போதுதான் சாயம் சீராக ஏறும். உலகெங்கும் இந்த வேலைக்கு மலிவாகக் கிடைத்தது நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட். கழிவுநீரில் பாக்டீரியா இதன் நீண்ட வாலைத் தின்றுவிட, எஞ்சுவது நோனைல்ஃபீனால். சுத்திகரிப்பின் நடுவிலேயே தாய்ப்பொருளைவிடக் கேடான ஒன்று பிறக்கிறது. பிறந்து சேற்றில் ஒட்டிக்கொள்கிறது.

அது ஈஸ்ட்ரோஜனைப் போல நடப்பதைக் கண்டவர்கள் பாஸ்டன் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும். அவர்களுடைய சோதனையில் ஈஸ்ட்ரோஜன் சேர்க்காதபோதும் மார்பகப் புற்றுச் செல்கள் பெருகின. சோதனைக் குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனாலே காரணம் என்று 1991-ல் எழுதினார்கள். அதன் வலிமை ஈஸ்ட்ரடியாலில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஆற்றுக்குப் போகும் அளவோ டன் கணக்கு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கம்பளி ஆலைக் கழிவு கலந்த ஏர் ஆற்றில், பெண் மீனுக்கே உரிய மஞ்சள்கருப் புரதம் ஆண் டிரவுட் மீன்களின் ரத்தத்தில் காணப்பட்டது. லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் நோனைல்ஃபீனாலில் மூன்று வாரம் வைத்த ஆண் மீன்களின் விந்தக வளர்ச்சி குன்றியதை 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. துணி ஆலைக்கும் ஆற்றுக்கும் உள்ள இந்த உறவு யார்க்‌ஷயருக்கு மட்டும் உரியதல்ல. கொங்கு நாட்டு வாசகருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தன் ஆலைகளில் நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட்டின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டிலிருந்து வரும் துணிக்கோ அப்போது தடை இல்லை. 2011-ல் கிரீன்பீஸ் பல நாடுகளில் வாங்கிச் சோதித்த 78 ஆடை, காலணிகளில் 52-ல் இந்த எத்தாக்ஸிலேட் இருந்தது. ஐரோப்பாவில் துவைத்தால் ஐரோப்பிய ஆற்றில் கலக்கும் என்பதால், 2021 பிப்ரவரி 3 முதல் இறக்குமதித் துணிக்கும் எடையில் 0.01 சதவீதம் என வரம்பு வந்தது. இன்று ஐரோப்பாவுக்கு அனுப்பும் பனியனுக்கு இந்தச் சோதனை பொருந்துகிறது.

நம் ஆற்றுக்கு எது பொருந்துகிறது? 2016 அக்டோபரில் மத்திய அரசு ஜவுளிக் கழிவுநீருக்கு அறிவித்த வரம்பில் ஃபீனால் சேர்மங்கள் லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். அதைவிடக் கவலை தருவது அளக்கும் முறை. ஃபீனாலை அளக்க வழக்கமாகக் கையாளும் அமினோஆன்டிபைரின் சோதனை, ஹைட்ராக்ஸில் தொகுதிக்கு நேரெதிரே கார்பன் சங்கிலி உள்ள ஃபீனால்களைக் காட்டாது. நோனைல்ஃபீனாலின் அமைப்பு பெரும்பாலும் அதுவே. இத்தனைக்கும் அதைத் தேடிப் பிடிக்கும் திறமை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் பிஸ்ஃபீனால்-ஏ, ஆல்கைல்ஃபீனால் வகைகளை அளந்து 2014-ல் வெளியிட்டார்கள். நொய்யல் கலப்பது அந்தக் காவிரியில்தான்.

ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோனைல்ஃபீனாலைத் தனிப்பெயரிட்டுக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரத்துப்பாளையத்து வண்டலையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் குவிந்த சேற்றையும், கரையோரக் கிணறுகளையும் சோதித்து முடிவுகளை அந்தந்த ஊராட்சியில் வெளியிட வேண்டும். கரையோர ஊர்க் குழந்தைகளின் பருவ வளர்ச்சியைப் பத்ரேயில் செய்ததைப் போல முறையாக ஆராய வேண்டும். ஏற்றுமதித் துணிக்குச் செய்யும் சோதனையை நொய்யல் கரை மக்கள் தங்கள் கிணற்றுக்கும் கேட்பது நியாயமான உரிமை.