பால் சட்டியில் கைவைத்த சொல்

அடுத்தவர் விவகாரத்தை அவருக்குத் தெரியாமல் துழாவுவதை ஆங்கிலத்தில் 'ஸ்னூப்' என்பார்கள். மேசை இழுப்பறையைக் கிளறுவதும் ஸ்னூப்தான், அரசாங்கம் ஒட்டுக்கேட்பதும் ஸ்னூப்தான். இப்படி ஒரு சொல் அரண்மனையிலோ படைவீட்டிலோ பிறந்திருக்கும் என்றே தோன்றும். நம் 'ஒற்று' அப்படி வளர்ந்ததுதான். குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு, அதுவும் பொருட்பாலில். ஸ்னூப்புக்கு அந்த கௌரவம் இல்லை. அது அடுக்களைச் சொல். டச்சு மொழியில் 'ஸ்னூபன்' என்றால் இனிப்பு தின்பது, பழைய வழக்கில் யாரும் பார்க்காதபோது தின்பது. இன்றும் நெதர்லாந்தில் மிட்டாய்க்குப் பெயர் 'ஸ்னூப்'தான்.

இதற்கு நல்ல சாட்சி ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட் 1848இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச் சொற்களின் அகராதி. எடுத்துவைத்த பண்டத்தைக் குழந்தைகளும் வேலைக்காரர்களும் திருட்டுத்தனமாகத் தின்பதே ஸ்னூப் என்று அவர் பொருள் எழுதுகிறார். பால் அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து சட்டியிலிருந்து பாலைக் குடிக்கும் பணியாளைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார். நியூயார்க் பக்கத்துக்கே உரிய சொல் என்றும் குறிக்கிறார். இந்த ஊர்க் குறிப்பு முக்கியம். நியூயார்க் அதற்கு முன் நியூ ஆம்ஸ்டர்டாம், டச்சுக்காரர்களின் ஊர்.

ஆனால் அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1664இல். ஸ்னூப் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவதோ 1830களில். நடுவே ஏறக்குறைய 170 ஆண்டுகள் அது எங்கே இருந்தது என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். கொடி இறங்கியதும் மொழி இறங்கிவிடவில்லை என்பதே பதில். ஹட்சன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் டச்சு வீட்டுமொழியாகவே நீடித்தது. 1837இல் குடியரசுத் தலைவரான மார்ட்டின் வான் பியூரன் 1782இல் கிண்டர்ஹுக்கில் பிறந்தவர்; அவருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி. அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சோஜர்னர் ட்ரூத் அதே வட்டாரத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய தாய்மொழியும் டச்சுதான். ஆங்கிலம் பேசும் வீட்டுக்குச் சிறுமியாக விற்கப்பட்டபோது, சொன்னது புரியாமல் அடிபட்டவர். அந்த அடுக்களைகளில் வேலை பார்த்தவர்களில் அடிமைகள் பலர் என்பதை நினைத்தால் பார்ட்லெட்டின் பால் சட்டி உதாரணம் அவ்வளவு வேடிக்கையாக இல்லை. ஸ்னூப் எஜமானியின் வாயில் வந்த குற்றச்சாட்டு. பசித்தவர் தான் செய்ததற்கு வேறு பெயர் வைத்திருப்பார்.

டச்சுச் சொல்லில் தின்பது இருக்கிறதே தவிர வேவு பார்ப்பது எங்கே என்பது இன்னொரு தடை. எனக்கு இது பெரிய தடையாகப் படவில்லை. 'சட்டியை நோண்டாதே' என்ற அதே வாயால்தான் 'அவன் விஷயத்தை நோண்டாதே' என்றும் சொல்கிறோம். பதுங்கி வருவது, மூடியைத் தூக்கிப் பார்ப்பது, காலடி கேட்டால் விலகுவது எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆங்கிலம் தீனியை விட்டுவிட்டுப் பதுங்கலை மட்டும் வைத்துக்கொண்டது.

டச்சுக்காரர்கள் நம் பக்கமும் வந்தவர்கள்தான். சோழமண்டலக் கரையில் கிடங்கும் கோட்டையுமாக இருந்தார்கள். தமிழுக்குத் 'துட்டு' கிடைத்தது. யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டார்கள். இலங்கைத் தமிழில் அலுவலகம் 'கந்தோர்' ஆனது. அங்கே குடும்பமாகத் தங்கியவர்களும் உண்டு, அதனால் பலகாரமும் ஒன்று வந்தது. இலங்கையின் 'கொக்கிஸ்', அமெரிக்காவின் 'குக்கி' இரண்டுக்கும் மூலம் 'குக்யே' என்ற ஒரே டச்சுச் சொல் என்பார்கள். கணக்குப் பிள்ளையோடு பழகினால் காசின் பெயர் வரும். பலகாரத்தின் பெயர் வர அடுப்படி வரை போயிருக்க வேண்டும். ஸ்னூப்போ அடுப்படியையும் தாண்டி, சாமான் அறைக்குள் பிடிபட்டவரைத் திட்டும் சொல். வியாபாரத்துக்காக மட்டும் வந்துபோனவர்கள் அப்படி ஒன்றை விட்டுப்போயிருக்க முடியாது.

பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்துக்கும் அது போனது. குடிமக்களின் இணையத் தொடர்புப் பதிவுகளைச் சேர்த்துவைக்க வழிசெய்யும் சட்டம் ஒன்று 2016இல் பிரிட்டனில் நிறைவேறியபோது, எதிர்த்தவர்கள் அதற்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஸ்னூப்பர்ஸ் சார்ட்டர்'. இந்தத் தடவை திட்டு வாங்கியது வேலைக்காரி அல்ல, வீட்டுக்காரர்.