அரக்கன் என்று சொன்னவர் யார்?

தோழர்களே, இன்று மாயப் புனைவு எழுதும் இளைஞர்கள் அசுரரையும் அரக்கரையும் புதிதாக எழுத விரும்புகிறார்கள். அந்த வேலையில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு: மகாத்மா ஜோதிராவ் ஃபுலே.

1873இல் மராத்தியில் வெளிவந்த ‘குலாம்கிரி’ ஓர் உரையாடல் நூல். ஜோதிராவும் தோண்டிபாவும் பேசப் பேச அவதாரக் கதைகள் தலைகீழாகின்றன. மச்சம், கடல்வழி வந்த படையெடுப்பாளர்களின் தலைவனாகிறது. அரக்கர்கள் இந்த மண்ணைக் காத்தவர்கள் ஆகிறார்கள். வாமனன் வீழ்த்திய பலி, உழவர்களின் நல்லரசன் ஆகிறான். பலியின் ஆட்சி திரும்ப வேண்டும் என்பது மராட்டிய உழவர் வீடுகளில் வழிவழியாக வந்த வேண்டுதல். மக்களிடம் ஏற்கெனவே இருந்த அந்த நினைவின்மீதுதான் ஃபுலே தம் கதையைக் கட்டினார்.

ஃபுலே நம்பிய ஆரியப் படையெடுப்புக் கோட்பாட்டை அண்ணல் அம்பேத்கர் 1946இல் ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் மறுத்தார். எனவே குலாம்கிரியை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. அது கேட்ட கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது: இவனை அரக்கன் என்று சொன்னவர் யார்? அப்படிச் சொன்னதால் யாருடைய நிலம் கைமாறியது?

ஜார்கண்டில் அசுர் என்ற பெயரிலேயே ஒரு பழங்குடி வாழ்கிறது. இரும்பு உருக்குவது அவர்களின் மரபுத் தொழில். மகிஷாசுரனைத் தம் மூதாதையாகக் கருதுவோர் அவர்களிடையே உண்டு. துர்க்கை பூசையில் ஊர் கொண்டாடும்போது அவர்கள் துக்கம் காக்கிறார்கள்.

கொம்பை நீக்கி அழகிய முகம் வைத்தால் அசுரன் மாறிவிடுவதில்லை. அவனுக்கு ஊரும் உழைப்பும் உறவும் கொடுங்கள். அவன் சாவை, அவனுக்காக அழுகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.