மூன்று சீட்டும் ஒரு மஞ்சப்பையும்

எங்க ஆயாவுக்கு (திண்டிவனம் பக்கம் பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி மூன்றும் உண்டு. மூன்றுக்கும் மூன்று டாக்டர். ஒருவர் திண்டிவனத்தில், ஒருவர் விழுப்புரத்தில், இன்னொருவர் பக்கத்து ஊரில். பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போட்டும் பிரஷர் இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் அக்கா ஒருநாள் ஆயாவின் மஞ்சப்பையைத் திண்ணையில் கொட்டச் சொன்னார். மூட்டுக்குத் தினமும் போட்ட வலி மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். "மூணு சீட்டையும் சேர்த்து டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். சிலவகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்த்தான் எங்களுக்குத் தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சீட்டும் சரிதான். சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஏன் இப்படி? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் நோய்க்கு ஒரு திட்டம் என்றுதான் போட்டார்கள். 1953ல் மலேரியா, 1955ல் தொழுநோய், 1962ல் காசநோய். ஒவ்வொன்றுக்கும் தனி ஊழியர், தனிப் பதிவேடு. ஒரே வீட்டுக் கதவை நாலு பேர் தனித்தனியாகத் தட்டினார்கள். 1973ல் கர்தார் சிங் குழு, இவர்களை இணைத்துப் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்களாக்கச் சொன்னது. ஆனால் அன்றைய கவலை தொற்றுநோயும் தாய் சேய் நலமும். சர்க்கரையும் பிரஷரும் அந்தக் கணக்கில் பெரிதாக வரவில்லை.

தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007ல் தொடங்கிய முன்னோட்டமும் நோய்வாரியாகத்தான் பிரிந்தது. ரத்த அழுத்தத்துக்கு விருதுநகரும் சிவகங்கையும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தேனியும் தஞ்சாவூரும். 2012ல் மாநிலம் முழுக்க விரிந்தபோது சர்க்கரையும் மார்பகப் புற்றுநோயும் சேர்ந்தன. இதற்கிடையில் 2010ல் விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரிய வைத்தியத்துக்குச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ஓடிய பலருக்குத் தூரம் குறைந்தது.

தூரம் குறைந்தால் போதுமா? கால் நடக்காதவர் எப்படிப் போவார்? 5 ஆகஸ்ட் 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வந்தது. தேவைப்பட்டவருக்கு இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையானவருக்கு வலி தணிக்கும் செவிலியர் கவனிப்பும் அதே திட்டத்தில் வந்தன. 2024ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

என்னைக் கேட்டால், மாத்திரை வீட்டுக்கு வந்தது பாதி லாபம்தான். மீதிப் பாதி, மொத்தப் பையையும் ஒருவர் பார்க்க முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆயா ஒரு சீட்டோடு போவார். வீட்டில்தான் மூன்றும் ஒன்றாக இருக்கும். ஆனால் இது இன்னும் அந்த அக்காவின் அக்கறையை நம்பித்தான் நடக்கிறது. அக்கறை முறையாக வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் ஒரே நோட்டு, அதில் எல்லா மாத்திரையும்.

அதுவரை நாம் ஒன்று செய்யலாம் நண்பர்களே. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பையைக் கொட்டி, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் அந்தத் தாளையும் கொடுத்தனுப்புங்கள்.

ஆயாவுக்கு இப்போது ஒரே நோட்டுதான். அட்டை போட்டது நான்.