மஞ்சளும் நீலமும்

சென்னையின் எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் பகை மூண்டது 2014-இல், ஐ.எஸ்.எல். கால்பந்து தொடங்கிய முதல் ஆண்டிலேயே. அரையிறுதியில், கொச்சி ஆட்டம் கேரளாவுக்கு 3-0. டிசம்பர் 16 அன்று நம் நேரு ஸ்டேடியத்தில் சென்னை அந்த மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரம், 117-ஆவது நிமிடம்: கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் கோல் போட்டார். 4-3, கதை முடிந்தது.

பியர்சன் ஸ்காட்லாந்துக்காரர், செல்டிக் அணியில் ஆடியவர். அங்கே செல்டிக், ரேஞ்சர்ஸ் சண்டையில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று மதமும் கலந்துவிட்டது.

பிறகு சென்னை 2015, 2018-இல் கோப்பை வென்றது. கேரளா 2014, 2016, 2022 என மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோற்றது.

அம்பத்தூர், ஆவடியில் மலையாளிகள் நிறைய. ஆட்டத்தன்று மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே மின்சார ரயிலில்தான் சென்ட்ரல் போகின்றன. கேலி உண்டு, வெறுப்பு இல்லை. இப்படியே இருக்கட்டும்.