நெட்வொர்க்கின் கணக்குப் பிள்ளை

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. முதலில் சேவை கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. மணிக்கணக்கில் விற்ற இணைப்பு அது. பம்மலில் இருந்து டயல் செய்தாலும் மயிலாப்பூரில் இருந்து டயல் செய்தாலும், நேரம் கழிவது ஒரே கணக்கில்தான். பாஸ்வேர்டு கசிந்தால் போச்சு, காசு கட்டியவரின் நேரத்தை வேறு யாரோ தின்றுவிடுவார்கள்!

வாசல் பல, பேரேடு ஒன்று. இந்த யோசனைக்கு வயது அதிகம். அமெரிக்க ராணுவத்தின் மில்நெட்டுக்குள் டயல் செய்து வருபவர் யார் என்று சரிபார்க்க, பிபிஎன் நிறுவனம் உருவாக்கியது டக்காக்ஸ். 1984 டிசம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 927-ல் அதன் பெயர் இருக்கிறது. 1991-ல் மிச்சிகனின் மெரிட் நெட்வொர்க்குக்காக லிவிங்ஸ்டன் நிறுவனம் ரேடியஸை உருவாக்கியது. 2000 ஜூனில் ரேடியஸுக்கு ஆர்எஃப்சி 2865 வந்தது. கணக்கு எழுதுவதற்கென்றே தனியாக 2866.

அந்தக் கணக்கு நம் நாளேடு மாதிரிதான். உள்ளே வந்ததும் 'ஸ்டார்ட்' என்று ஒரு பதிவு. போகும்போது 'ஸ்டாப்' என்று இன்னொன்று. யார், எவ்வளவு நேரம், எத்தனை பைட் என்று எல்லாம் அதில் இருக்கும்.

டயல்-அப் போனது, ரேடியஸ் போகவில்லை. ஆபீஸ் ஸ்விட்சுகளுக்கு வந்துவிட்டது. முப்பது ஸ்விட்சுக்கும் ஒரே 'அட்மின்' பாஸ்வேர்டு, அது ஐந்து பேருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் யாரோ ஒரு விலேனை அழித்துவிட்டால், பதிவில் இருப்பது 'அட்மின்' மட்டுமே. பழி பெரும்பாலும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பையன் தலையில்தான் விழும். ஆளுக்கொரு பெயர் கொடுத்து, மத்திய சர்வரில் சரிபார்த்தால் அவன் தப்பிப்பான். யார் எந்தக் கட்டளையை அடித்தார் என்பதுவரை எழுதிவைக்க, 1990-களில் சிஸ்கோ டக்காக்ஸ் பிளஸ்ஸைக் கொண்டுவந்தது. அதற்கு ஆர்எஃப்சி 8907 கிடைத்தது 2020-ல்தான்.

அமைக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஸ்விட்சிலேயே ஒரு லோக்கல் கணக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வர் படுத்த அன்று நிர்வாகியே வெளியே நிற்பார். ரேடியஸும் குறையில்லாதது அல்ல. அது நம்பியிருக்கும் எம்டி5-இன் பலவீனத்தை 2024-ல் 'பிளாஸ்ட்-ரேடியஸ்' தாக்குதல் காட்டிக்கொடுத்தது.

கையெழுத்தில்லாத வவுச்சரை ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா? நெட்வொர்க்குக்கும் அதே நியாயம்தான்.